பிக்சலின் நிறமாலையை மாதிரியோடு ஒப்பிடுவது எப்படி: கிருஷ்ணகிரி மாந்தோப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் மாத நண்பகலில் பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்பில் நின்று சுற்றிப் பார்த்தால் மூன்று பொருள்கள் முதலில் கண்ணில் படும். கரும்பச்சை மாவிலை, வரிசைகளுக்கு நடுவே உழுது போட்ட செம்மண், தொலைவில் குவாரி வெட்டிய குன்றின் வெளிறிய முகம். 786 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லும் சென்டினல்-2 செயற்கைக்கோளும் இவற்றைத்தான் பார்க்கிறது. பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று ஒவ்வோர் அலைநீளப் பட்டையிலும் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் வரிசையை அது எழுதி வைக்கிறது. அந்த வரிசைதான் பிக்சலின் நிறமாலை.

மா என்றும் செம்மண் என்றும் நமக்கு முன்பே உறுதியாகத் தெரிந்த இடங்களின் எண் வரிசை மாதிரி நிறமாலை. படத்தில் உள்ள லட்சக்கணக்கான பிக்சல்களில் எது எந்த மாதிரியைப் போல இருக்கிறது என்று கண்டறிவதே நம் வேலை. ஒப்பிடும் சூத்திரத்தை ஒரே மாலையில் கற்றுவிடலாம். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை ஒழுங்காக அமைப்பதற்குத்தான் ஒரு பருவமே தேவைப்படும். இந்த வழிகாட்டியில் அதிக இடம் பெறுவதும் அந்தப் பகுதிதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புகளைப் பிரித்தெடுப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளுக்கும் இதே முறை பொருந்தும்.

உங்கள் பட்டைகளுக்கு அந்தப் பொருள் தெரியுமா?

எதையும் பதிவிறக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேடும் பொருளின் தனி அடையாளம் எந்த அலைநீளத்தில் இருக்கிறது? அந்த அலைநீளத்தில் உங்கள் கருவிக்குப் பட்டை இருக்கிறதா?

பச்சை இலை நமக்கு வசதியான பொருள். சிவப்பில் ஒளியை விழுங்குகிறது, 700 நானோமீட்டரைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறுகிறது, இலையின் நீர் குறுஅலை அகச்சிவப்பில் மறுபடி கீழே இழுக்கிறது. சென்டினல்-2 இந்த ஏற்றத்தின் மீதே 705, 740, 783 நானோமீட்டரில் மூன்று பட்டைகளை வைத்திருக்கிறது. செம்மண்ணும் பரவாயில்லை. அதற்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு 860 நானோமீட்டரை ஒட்டி ஒரு பள்ளத்தைக் காட்டும், அதாவது ஒளி விழுங்கப்பட்டு வளைவு அங்கே தாழும். களிமண் கனிமங்களின் பள்ளம் 2200-ஐ ஒட்டி வரும்.

கிரானைட் நம்மைக் கைவிடும். அதில் பெரும்பங்கு வகிக்கும் குவார்ட்ஸுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் குறுஅலை அகச்சிவப்பிலும் சொல்லும்படியான பள்ளம் எதுவும் இல்லை. அவற்றின் அடையாளம் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்ப அகச்சிவப்பில் இருக்கிறது. ஆகவே சென்டினல்-2 படத்தை வைத்துக் குவாரி எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும். அங்கே வெட்டுவது என்ன வகைக் கல் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் வரைபடத்தை யாராவது காட்டினால் எந்தப் பட்டையை நம்பிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

நம் எடுத்துக்காட்டுக்கு ஏப்ரல் சிறந்த மாதம். மானாவாரி நிலக்கடலையும் ராகியும் கொள்ளும் அறுவடையாகி நிலம் வெறுமையாக இருக்கும். அப்போதும் பச்சையாக நிற்பவை மா, புளி, தென்னை, தைலமரம், பாசனத்தில் இருக்கும் சில வயல்கள் மட்டுமே. போட்டியாளர்கள் குறைந்தால் ஒப்பீடு எளிதாகிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 12.5 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பரில் அதே சூரியன் நண்பகலிலும் 54 பாகைக்கு மேல் ஏறாது. செயற்கைக்கோள் கடப்பதோ காலை 10.30 மணி வாக்கில். குன்றுகளின் நிழல் அப்போது இன்னும் நீளம்.

பூக்கும் காலமான ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்க்கிறேன். பூங்கொத்து மூடிய மரத்தின் நிறமாலை இலையின் நிறமாலை அன்று. ஒரு தோப்பு பூத்தும் பக்கத்துத் தோப்பு பூக்காமலும் இருக்கும்போது ஒரே மாதிரி இரண்டுக்கும் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம்.

எண்களை எதிரொளிப்பாக மாற்றுவது

எதிரொளிப்பு என்பது விழுந்த ஒளியில் திரும்பி வந்த பங்கு. வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட 2ஏ நிலைப் படத்தையே எடுங்கள். 20 மீட்டர் அளவில் 9 பட்டைகளை வைத்துக்கொள்ளலாம்: பி2, பி3, பி4, பி5, பி6, பி7, பி8ஏ, பி11, பி12. 60 மீட்டர் பட்டைகள் வளிமண்டலத்துக்கானவை, விட்டுவிடுங்கள். கூடவே வரும் காட்சி வகைப்பாட்டுக் கோப்பைக் கொண்டு மேகத்தையும் மேக நிழலையும் நீரையும் மறைத்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் இடறும் ஒரு கல் உண்டு. 2022 ஜனவரி 25 முதல் வெளியான படங்களில் ஒவ்வோர் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே 1000-ஐக் கழித்துவிட்டுத்தான் 10,000-ஆல் வகுக்க வேண்டும். கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயரிட்ட தொகுப்பில் இந்தக் கழித்தல் முன்பே செய்யப்பட்டிருக்கும். அங்கே மறுபடி கழித்தால் அதுவும் பிழை. 1000 என்பது 10 சதவீத எதிரொளிப்பு. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

மாதிரி நிறமாலையைச் சேகரிப்பது

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஆயத்த நூலகம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2017-இல் தன் நிறமாலை நூலகத்தின் ஏழாம் பதிப்பை வெளியிட்டது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் ஈக்கோஸ்ட்ரெஸ் நூலகமும் இலவசமாகக் கிடைக்கிறது. கனிமங்களுக்கு இவை பொன்னான தொகுப்புகள். ஆனால் ஆய்வகக் கருவி நூற்றுக்கணக்கான நுண்ணிய அலைநீளங்களில் அளக்கிறது. சென்டினல்-2 வைத்திருப்பதோ சில அகலமான பட்டைகள். நூலகத்து வளைவில் 865 நானோமீட்டரில் உள்ள எண்ணை மட்டும் கிள்ளி எடுத்துப் பி8ஏ-வுக்கு வைப்பது தவறு. ஒவ்வொரு பட்டையும் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்ற உணர்திறன் அட்டவணையை ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்டிருக்கிறது. அந்த எடைகளால் நூலகத்து எண்களைப் பெருக்கிக் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே பட்டைக்குரிய மதிப்பு.

இரண்டாவது, களத்தில் நிறமாலைமானியைக் கொண்டு நீங்களே அளப்பது. கருவி விலை உயர்ந்தது. பல்கலைக்கழகத் துறையோடு தொடர்பு இருந்தால் மட்டுமே கைக்கு வரும்.

மூன்றாவது, படத்திலிருந்தே எடுப்பது. தோப்புகளுக்கு என் தெரிவு எப்போதும் இதுதான். காரணம் மரங்களின் இடைவெளியில் இருக்கிறது. வழக்கமான முறையில் மாங்கன்றை 10 மீட்டருக்கு ஒன்றாக நடுவார்கள். ஏக்கருக்கு 40 மரம். 20 மீட்டர் பிக்சல் ஒன்றுக்குள் நான்கே மரங்கள், அவற்றின் நிழல், நடுவே செம்மண், அதில் காய்ந்த புல். நூலகத்தில் இருப்பது ஒற்றை இலையின் நிறமாலை. செயற்கைக்கோள் ஒற்றை இலையை ஒருநாளும் பார்த்ததில்லை. அது பார்ப்பது தோப்பை. மாதிரியும் தோப்பாகவே இருக்க வேண்டும்.

எந்தத் தோப்பை எடுப்பது? ஒரு பிக்சலின் பரப்பு 400 சதுர மீட்டர், ஏறக்குறைய 10 சென்ட். ஒரு ஏக்கர் தோப்பு சதுரமாக இருந்தாலும் பக்கத்துக்கு 64 மீட்டர்தான். அதற்குள் முழுமையாக விழும் பிக்சல்கள் நான்கு முதல் ஒன்பது வரை. மற்றவை வேலியையும் வண்டிப்பாதையையும் பக்கத்துக் கொல்லையையும் சேர்த்து விழுங்கியவை. அதனால் மாதிரிக்கு ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட தோப்புகளையே தேர்ந்து, ஓரத்திலிருந்து ஒரு பிக்சலாவது உள்ளே தள்ளி எல்லை வரைகிறேன். பெங்களூரா ரக மாந்தோப்புகள் பெரிதாக இருப்பதால் அவை எளிதில் அமையும். அல்போன்சாவும் நீலமும் கலந்த தோப்பையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

‘மா’ என்ற ஒரே பெயருக்கு ஒரே மாதிரி போதாது. கிளைகள் கூடி நிலம் தெரியாமல் மூடிய முதிய தோப்பு, ஐந்தாறு வயதுத் தோப்பு, கவாத்து செய்த தோப்பு என்று குறைந்தது மூன்று. செம்மண்ணுக்கு உழுததும் உழாததும். பிறகு பலரும் மறந்துவிடும் மாதிரிகள்: சாலையோரப் புளியமரங்கள், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தென்னை, தைலமரம், சீமைக்கருவேலம். எது வேண்டுமோ அதற்கு மட்டும் மாதிரி எடுத்தால் பச்சையாக உள்ள அனைத்தும் மாவின் கணக்கில் வந்து சேரும். என் முதல் வரைபடத்தில் தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பகுதியில் மாந்தோப்பு முளைத்திருந்தது. காட்டு மரத்துக்கு நான் மாதிரி எடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒவ்வொரு மாதிரிக்கும் 30 பிக்சலாவது சேருங்கள். சராசரியை மட்டும் எடுக்காமல் எல்லா வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்; இரண்டு கட்டுகளாகப் பிரிந்து தெரிந்தால் அது ஒரு பொருள் அன்று, இரண்டு. தோப்புகளில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே ஒதுக்கி வையுங்கள், பிக்சல்களை அல்ல, முழுத் தோப்புகளை. ஒரே தோப்பின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். ஒன்றில் கற்று மற்றொன்றில் சோதித்தால் விடை தெரிந்த வினாத்தாளை எழுதுவது போல ஆகிவிடும்.

கோணம் என்ற அளவுகோல்

ஒப்பிட மிக எளிய வழி தொலைவு: பட்டைதோறும் வேறுபாட்டை எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் காண்பது. மற்றொரு வழி கோணம். எண் வரிசையை ஒரு திசையனாக, அதாவது ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் அம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அம்புகளுக்கு இடையிலான கோணம் சிறிதாக இருந்தால் இரண்டு நிறமாலைகளும் ஒரே வடிவம் கொண்டவை. 1993-இல் கிரூஸ் குழுவினரின் கட்டுரை வழியே இது நிறமாலைக் கோண முறை என்று தொலையுணர்வுத் துறையில் பரவியது.

கணக்கிடும் விதம் இதுதான்: பட்டைதோறும் பிக்சல் மதிப்பையும் மாதிரி மதிப்பையும் பெருக்கிக் கூட்டுங்கள். பிக்சல் மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், மாதிரிக்கும் அப்படியே. முதல் தொகையை இந்த இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் கோசைன் கிடைக்கும். அதன் நேர்மாறு கோணம்.

பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு, குறுஅலை அகச்சிவப்பு என்று நான்கே பட்டைகளை வைத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். எண்கள் எதிரொளிப்பின் சதவீதம். கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

மாதிரியான முதிய தோப்பு: 6, 4, 32, 16.
குன்றின் நிழல் பக்கத்துத் தோப்பு: 3, 2, 16, 8.
செம்மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீமைக்கருவேலம் நிற்கும் தரிசு: 8, 10, 26, 24.

தொலைவைப் பார்த்தால் நிழல் தோப்பு மாதிரியிலிருந்து 18.2, தரிசு 11.8. தரிசுதான் மாவுக்கு நெருக்கம் என்று தொலைவு சொல்கிறது. கோணம் என்ன சொல்கிறது? நிழல் தோப்பின் ஒவ்வோர் எண்ணும் மாதிரியில் சரிபாதி, அம்பு குட்டை, திசை அதே, கோணம் சுழியம். தரிசுக்குப் பெருக்கற்கூட்டுத்தொகை 1304, நீளங்கள் 36.50, 37.63, கோசைன் 0.949, கோணம் 0.319 ரேடியன், அதாவது 18.3 பாகை. குன்றும் சரிவும் நிறைந்த நம் மாவட்டங்களில் கோண முறைக்குத் தனி மதிப்பு ஏன் என்பது இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே தெரிகிறது. நடைமுறையில் நிழலின் கோணம் சுழியமாக இராது. வானத்தின் நீல ஒளி நிழலுக்குள்ளும் விழுவதால் சற்றே விலகும்.

இப்போது மறந்துபோன அந்த 1000-க்கு வருவோம். நிழல் தோப்பின் எண்களோடு 10 சதவீதம் கூடியிருந்தால் 13, 12, 26, 18. சரியாக மாற்றப்பட்ட மாதிரியோடு இதன் கோணம் 0.342 ரேடியன், 19.6 பாகை. தரிசைவிடவும் தள்ளிப் போய்விட்டது. பெருக்கலால் வரும் வெளிச்ச வேறுபாட்டைக் கோணம் பொறுத்துக்கொள்ளும். கூட்டலால் வரும் வேறுபாட்டைப் பொறுக்காது. மெல்லிய மூடுபனி தப்பிவிட்ட படத்திலும் இதே தொல்லைதான். அந்நிலையில் ஒவ்வொரு நிறமாலையிலும் அதன் சராசரியைக் கழித்த பிறகு கோணம் எடுக்கும் ஒட்டுறவு முறை உதவும்.

இன்னொரு பிக்சல்: இளந்தோப்பு, பரப்பில் 30 சதவீதம் செம்மண். செம்மண்ணை 10, 18, 30, 38 என்று கொண்டால் கலவை 7.2, 8.2, 31.4, 22.6. முதிய தோப்போடு கோணம் 0.184 ரேடியன். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். எல்லையை முடிவு செய்யும்போது தேவைப்படும்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தபின் மீதியைக் கணினியிடம் விடலாம். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ‘செமி-ஆட்டோமேட்டிக் கிளாசிஃபிகேஷன்’ செருகுநிரலில் இந்த முறை உள்ளது. நிரல் எழுதுவோருக்கு ‘ஸ்பெக்ட்ரல் பைத்தான்’ தொகுப்பு இருக்கிறது. படத்துக்குப் போகும் முன் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு கோண அட்டவணை போடுங்கள். மாவுக்கும் புளிக்கும் இடையே 0.05 ரேடியன்கூட இல்லை என்றால் எந்த மென்பொருளாலும் அந்தப் படத்தில் அவற்றைப் பிரிக்க முடியாது. மூன்று மாதங்களின் படங்களை அடுக்கி 27 எண்கள் கொண்ட வரிசையாக ஒப்பிடுவதுதான் அப்போது வழி. இலை உதிர்வதும் துளிர்ப்பதும் வேறு வேறு வாரங்களில் நடப்பதால் ஒரு மாதம் மறைத்ததை இன்னொரு மாதம் காட்டிக்கொடுக்கும்.

கோணம் ஏமாறும் இடங்கள்

வெளிச்சத்தைப் பொருட்படுத்தாத குணம் சில இடங்களில் குறையாகிவிடுகிறது. கருப்பு கிரானைட் என்று சந்தையில் பெயர் பெற்ற டோலரைட் 5, 5, 6, 6 என்றும், கிரஷர் அருகே படிந்த வெளிர்சாம்பல் தூள் 25, 26, 28, 29 என்றும் இருக்கட்டும். ஒன்று கரி, மற்றொன்று சாம்பல், கோணம் 0.04 ரேடியன் மட்டுமே. அங்கே அம்பின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கோணம் சிறியது, நீளமும் மாதிரியின் நீளத்துக்கு அருகில் என்ற இரண்டு நிபந்தனைகள்.

நீரை முதலிலேயே மறைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. தெளிந்த நீரின் எண்கள் சுழியத்தை ஒட்டியவை. அம்பு மிகக் குட்டை. ஒரு துளி இரைச்சல் அதன் திசையையே மாற்றிவிடும். கிருஷ்ணகிரி அணையின் பச்சை படர்ந்த நீரைப் பற்றிய ஆய்வுக்கு 705 நானோமீட்டர்ப் பட்டையை மையமாக்கிய தனி முறைகள் உள்ளன.

மற்றொரு குறை மெல்ல வேலை செய்வது. பெரிய எண்களே கோணத்தை ஆள்கின்றன. பி6, பி7, பி8ஏ மூன்றும் இலைக்கு ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்பவை. மூன்றும் பெரிய எண்கள். அதனால் ஒரே சாட்சி மூன்று முறை பேசுவது போல ஆகிறது. சிவப்புப் பட்டையின் சிறிய எண் என்ன சொன்னாலும் காதில் விழுவதில்லை. அதற்கு மாற்றாக 2000-இல் செயின்-ஐ சாங் முன்வைத்த நிறமாலைத் தகவல் விலகல் முறையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நிறமாலையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்துப் பங்குகளாக்கி, பட்டைதோறும் பங்குகளின் வேறுபாட்டை அவற்றின் விகிதத்தின் மடக்கையால் பெருக்கிக் கூட்டுவது அது. மேலே பார்த்த தரிசுக்கும் மாவுக்கும் இந்த விலகல் 0.142. அதில் 0.059, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, சிவப்புப் பட்டை ஒன்றிலிருந்து மட்டுமே வருகிறது. 4-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு இப்போது காதில் விழுகிறது. நான் இரண்டு முறைகளையும் ஓட்டி, இரண்டும் ஒத்துக்கொள்ளும் பிக்சலை முதலில் நம்புகிறேன்.

எல்லையை முடிவு செய்வது

மிகச் சிறிய கோணம் தந்த மாதிரியின் பெயரை ஒவ்வொரு பிக்சலுக்கும் சூட்டிவிட்டால் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வந்துவிடும். ஆனால் சிறிய கோணம் என்பதற்குப் பொருத்தம் என்று பொருள் இல்லை. வந்தவர்களில் இவர் நெருக்கம் என்பதே பொருள். தகரக் கூரைக்கும் ஏதோ ஒரு மாதிரி நெருக்கமாகத்தான் இருக்கும். ‘இவற்றுள் எதுவும் இல்லை’ என்று சொல்லும் உரிமையைப் பிக்சலுக்குத் தர வேண்டும். அதற்குத்தான் எல்லைக் கோணம்.

மென்பொருள்களில் 0.1 ரேடியன் என்று முன்கூட்டியே நிரப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே ஏற்றால் 0.184-இல் நிற்கும் நம் இளந்தோப்பு வெளியே போகும். எல்லையை 0.2 ஆக்கினால் உள்ளே வரும், கூடவே கூப்பிடாதவையும் வரும். சரியான தீர்வு எல்லையைத் தளர்த்துவது அன்று, இளந்தோப்புக்கென்று ஒரு மாதிரியைச் சேர்ப்பது. பிறகு ஒதுக்கி வைத்த தோப்புகளில் பாதியை எடுத்து, அவற்றின் பிக்சல்களுக்கு மிக நெருங்கிய மா மாதிரியோடு உள்ள கோணங்களை வரிசைப்படுத்துங்கள். 100-இல் 95 பிக்சல்கள் எந்தக் கோணத்துக்குள் அடங்குகின்றனவோ அதுவே உங்கள் எல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அது வேறாக இருக்கும். மிச்சப் பாதியைக் கடைசிச் சோதனைக்காகத் தொடாமல் வையுங்கள்.

முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியையும் தனிப் படமாகச் சேமியுங்கள். மா 0.06, புளி 0.07 என்று வந்த பிக்சலை ‘மா’ என்று வண்ணம் தீட்டுவது நேர்மையில்லை. நான் அவற்றைச் சாம்பல் நிறத்தில் ‘ஐயம்’ என்று விட்டுவிடுகிறேன். வரைபடம் அழகு குறையும்; பயன்படுத்துகிறவர் ஏமாற மாட்டார்.

பள்ளத்தைப் பொருத்துவது: சாமல்பட்டிக் கார்பனடைட்

இதுவரை முழு வளைவையும் ஒப்பிட்டோம். கனிமங்களைத் தேடுவோருக்கு ஒரே ஒரு பள்ளம் போதும். ஊத்தங்கரை வட்டாரத்தில் சாமல்பட்டியைச் சுற்றிக் கார்பனடைட் என்ற அரிய பாறை இருக்கிறது. எரிமக்குழம்பிலிருந்து பிறந்த கார்பனேட் பாறை. தர்மபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லிலும் உண்டு. ஒகேனக்கல் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். இப்பாறையில் உள்ள கார்பனேட் கனிமங்களில் கால்சைட்டின் பள்ளம் 2340 நானோமீட்டரை ஒட்டியும் டோலமைட்டின் பள்ளம் 2320-ஐ ஒட்டியும் வரும்.

சென்டினல்-2 இங்கே குருடு. அதன் கடைசிப் பட்டையான பி12-இன் மையம் 2190. 2340 அதன் பார்வைக்கு வெளியே. 1999 இறுதியில் ஏவப்பட்ட டெரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவியில் எட்டாம் பட்டை 2295 முதல் 2365 வரை பார்த்தது. மிகச் சரியான இடம். ஆனால் அதன் குறுஅலை அகச்சிவப்புப் பகுதி 2008-இல் பழுதாகிவிட்டதால் அதற்கு முந்தைய படங்களையே தேட வேண்டும். பாறை ஓடிவிடாது; பழைய படம் போதும். கால்சைட்டையும் டோலமைட்டையும் பிரிக்க வேண்டுமென்றால் 2022-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்திய எமிட் கருவி உதவும்: 285 பட்டைகள், பிக்சல் 60 மீட்டர்.

பள்ளத்தை ஒப்பிடும் முன் வளைவின் பொதுச் சரிவை நீக்க வேண்டும். வளைவின் மேடுகளைத் தொட்டுக்கொண்டு மேலே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவதாக நினையுங்கள். ஒவ்வோர் அலைநீளத்திலும் வளைவின் உயரத்தைக் கயிற்றின் உயரத்தால் வகுத்தால் மேடுகள் 1 ஆகும், பள்ளம் மட்டும் 1-க்குக் கீழே தொங்கும். மாதிரிக்கும் அதையே செய்து, பள்ளத்தின் இடம், ஆழம், வடிவம் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். ஆழம் குறைந்து வடிவம் பொருந்தினால் பிக்சலில் அந்தக் கனிமம் கொஞ்சமாகக் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். குளோரைட், ஆம்பிபோல் போன்ற மக்னீசியக் கனிமங்களும் 2320-ஐ ஒட்டிப் பள்ளம் காட்டும். ஆஸ்டரின் அகலமான பட்டை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். இரண்டாவது, நம் மண்ணில் பரவலாகக் கிடைக்கும் சுக்கான் கல்லும் கால்சைட்டே. உழுத கொல்லையில் சிதறிக் கிடக்கும் சுக்கான் கல்லைக் கார்பனடைட் என்று வரைபடம் காட்டினால் கணக்குப் பிழையில்லை. நிறமாலை உண்மையைத்தான் சொன்னது. அது பாறையா, மண்ணில் விளைந்த கல்லா என்பதைச் சுத்தியலோடு போய்த்தான் அறிய முடியும்.

களத்துக்குப் போவது

வரைபடம் முடிந்ததும் சோதனைப் புள்ளிகளைக் கணினியே எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது 50 வீதம். நீங்கள் தேர்ந்தெடுத்தால் சாலையோரமாகவே அமைந்துவிடும். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். எனவே புள்ளியைச் சுற்றி 30 மீட்டருக்காவது என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறியுங்கள். போகும் முன் வரைபடம் அந்த இடத்தை என்னவென்று சொல்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். மனம் அதையே காணத் தொடங்கிவிடும். தோப்புக்காரரிடம் மரத்தின் வயது, கடைசியாகக் கவாத்து செய்தது எப்போது, படம் எடுத்த மாதத்தில் உழுதிருந்தாரா என்று கேளுங்கள். பர்கூர் அருகே ஒரு பெரியவர், நான் ‘ஐயம்’ என்று சாம்பல் பூசிய இடத்தைக் காட்டி, அது முப்பது வருடத் தோப்பு என்றும் சென்ற ஆண்டு பாதி மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்தார்கள் என்றும் சொன்னார். என் அட்டவணையில் அப்படியொரு தோப்பே இல்லை.

வரைபடம் மா என்று சொன்ன 60 புள்ளிகளில் 48-இல் மா இருந்தால் அந்த வகையின் நம்பகம் 80 சதவீதம். களத்தில் மா இருந்த புள்ளிகளில் எத்தனையை வரைபடம் பிடித்தது என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பிக்சல்களை எண்ணிப் பத்தால் வகுத்து இத்தனை ஏக்கர் மா என்று அறிவித்துவிட வேண்டாம். தவறாகச் சேர்ந்தவையும் தவறி விடுபட்டவையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. களப்புள்ளிகளின் விகிதத்தால் திருத்திய பிறகே பரப்பைச் சொல்ல வேண்டும்.

தவறிய 12 புள்ளிகளையும் பெயர் எழுதிப் பிரியுங்கள். ஏழு புளியாக இருந்தால் புளிக்கு இன்னும் இரண்டு மாதிரிகள் தேவை. மூன்று தோப்பின் ஓரமாக இருந்தால் அது பிக்சலின் அளவு செய்த பிழை, விட்டுவிடலாம். மீதி இரண்டும் மறுநடவுத் தோப்பு போன்ற புதிய வகை என்றால் அதற்கென்று ஒரு பெயரும் மாதிரியும் சேர்த்து, கோண அட்டவணையை மறுபடி போட்டு, எல்லையை மறுபடி அளந்து, படத்தை மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் ஓட்டத்தைச் சோதிக்கப் புதிய புள்ளிகள் வேண்டும்; பழைய 60-ஐ இப்போது நீங்கள் பாடமாகப் படித்துவிட்டீர்கள்.